மூன்றாவது அத்தியாயம்

"ஒரு வரி விடாம ரெண்டு தடவை படிச்சேன்மா" என்று மேசைமேல் இருந்த தடித்த ஆய்வேட்டைத் தட்டிக் காட்டினார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

எதிரே நின்ற விரிவுரையாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்று டாக்டர் பட்டம் கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து வேலை இல்லை என்று கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பைண்டிங் கடைக்காரர்தான். காலையிலிருந்து இதே தொல்லை. நேரங்காலம் தெரியாத மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அழைப்பைத் துண்டித்தாள்.

"சொல்லுங்க, நாலு நாட்டு இன்ஜினியரிங் பசங்க என்னதான் படிக்கிறாங்க?"

"எங்கயுமே படிக்கிறதில்ல சார்." அவள் உதடு ஏளனமாகச் சுழித்தது. "ஒரு நாட்டுல பழைய கேள்வித்தாள். இன்னொண்ணுல வீடியோ. மூணாவது நாட்டுல எவனோ எழுதின நோட்ஸ். பணக்கார நாட்டுப் பசங்க மட்டும் புத்தகம் வாங்குறாங்க. முன்னுரை, முடிவுரை, அவ்வளவுதான். நடுவுல ஒரு பக்கம் திரும்பாது."

"கழுதைங்க!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய நெறியாளர். "படிக்கத் துப்பில்ல, பட்டம் மட்டும் வேணும்."

"எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது அத்தியாயம்தான்" என்றார் தேர்வாளர். "என்ன உழைப்பு! என்ன அட்டவணை!"

"பைண்ட் ஆகி வந்ததும் நானும் முதல்ல அதைத்தான் படிச்சேன்" என்று நெறியாளர் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டார்.

கையெழுத்துப் போடுவதற்காகத் தேர்வாளர் ஏட்டைத் திறந்தார். அட்டை மடக்கென்று முறிய, அதுவரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. "வாழ்த்துகள், டாக்டர்!" என்று அவர் நிமிர்ந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

தன்னுடைய பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். கடையிலிருந்து வந்த அன்று அட்டையில் தங்க எழுத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி, அது ஷோகேஸுக்குப் போய்விட்டது. மறுபடியும் போன் அதிர்ந்தது.

"என்னங்க உங்களுக்கு அப்படி அவசரம்?"

"மேடம், பெரிய தப்பு நடந்துபோச்சு! கடையில கெடந்த உங்க எக்ஸ்ட்ரா காப்பியை இன்னிக்குத்தான் புரட்டிப் பார்த்தேன். அன்னிக்கு உங்களோடதையும் ஒரு மாட்டு டாக்டரோட ஆராய்ச்சியையும் ஒண்ணாத் தெச்சேன். ரெண்டு பேருக்கும் மூணாவது அத்தியாயம் மாறிப்போச்சு. எல்லாக் காப்பிலயும்!"

அவசர அவசரமாகப் புரட்டினாள். 'அத்தியாயம் மூன்று: கறவை மாடுகளின் அசைபோடும் பழக்கம்.' எந்த மாடு எவ்வளவு நேரம் மெல்லும் என்று பக்கம் பக்கமாக அட்டவணை.

ஏட்டைப் பட்டென்று மூடினாள். உள்ளே இன்னும் தேர்வாளரும் நெறியாளரும் மாணவர்களைக் கரித்துக்கொட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அடப்பாவி! இது வெளிய தெரிஞ்சா என் பட்டம் போச்சு, வேலையும் போச்சு! என்னோட அத்தியாயத்தை அந்த மாட்டு டாக்டரோட தேர்வாளருங்க பார்த்தா என்ன ஆகும்?"

"பதறாதீங்க மேடம். அவருக்குப் போன வாரமே பட்டம் குடுத்துட்டாங்க!"