சல்லடை சொன்ன ‘ஆகாது’

"அந்தப் புரோகிராம் நம்ம ஆபீஸுக்கு ஆகாது" என்றார் சல்லடை.

அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். எந்த மென்பொருளையும் சலித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். இனி கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் என்று அவர் பேச்சைக் கேட்டு அலுவலகமே முடிவெடுத்ததிலிருந்து எல்லோருக்கும் அவஸ்தை.

"சும்மாதானே சார் தர்றாங்க?" என்று ஓர் அகராதி மென்பொருளுக்காக அழாத குறையாய்க் கெஞ்சியிருக்கிறாள் டைப்பிஸ்ட்.

"சும்மா தர்றது வேற, கட்டற்றது வேறம்மா. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும், வேணும்னா மாத்திக்கணும், நாலு பேருக்குக் கொடுக்கணும். வாடகையே வேண்டாம், ஆனா ஒரு ஆணி அடிக்கக் கூடாதுன்னா, அது நம்ம வீடா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிழை திருத்தப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டினால்தான் அவளால் வேலை பார்க்க முடியும். அதற்குப் பேர்போன மென்பொருள் ஒன்று உண்டு. கட்டற்றது இல்லை. அதைத்தான் ஆகாது என்றார் சல்லடை.

அதற்குப் பதிலாக அவர் போட்டுக் கொடுத்த கட்டற்ற மென்பொருளோ சளி பிடித்த குரலில் பேசியது. ‘மழை பெய்தது’ என்றால் ‘மலை பெய்தது’ என்றது.

முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "மனுஷங்களைவிடக் கொள்கைதான் பெரிசா உங்களுக்கு?"

"கொஞ்சம் டைம் கொடுங்க மேடம்" என்று தலையைச் சொறிந்தபடி போய்விட்டார்.

அதற்குப் பிறகு மதிய நேரமெல்லாம் அந்தப் பெண்ணின் மேசையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல, மென்பொருளுக்குள் எதையோ மாற்றிக்கொண்டே இருந்தார்.

"பாவம், நிம்மதியாச் சாப்பிடக்கூட விடாம அந்தப் பொண்ணைப் படுத்தறார்" என்று முணுமுணுத்தாள் டைப்பிஸ்ட்.

முதலாளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சல்லடை வெளியே போயிருந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"நீ கவலைப்படாதேம்மா. அந்த நல்ல மென்பொருளையே வாங்கிடறேன். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ஐயோ வேண்டாம் மேடம்" என்று பதறினாள். "அது வேண்டாம்னு சொன்னதே நான்தான்."

"நீயா?"

"பழைய ஆபீஸ்ல எனக்கு அதுதான். அதைத் தயாரிச்ச கம்பெனிக்காரங்க திடீர்னு நிறுத்திட்டாங்க. ஒருநாள் காலையில வந்து உட்கார்ந்தா கம்ப்யூட்டர் வாயே திறக்கலை. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலை. என் வேலையும் போச்சு. இது அப்படி இல்ல மேடம். கேளுங்க."

ஒரு விசையைத் தட்டினாள். "மழை பெய்தது" என்றது கம்ப்யூட்டர், தெளிவாக.

முதலாளியம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ எதுக்கு அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு என்கிட்ட பேச்சு வாங்கினார்?"

"சேர்ந்த அன்னிக்கே அது வேண்டாம் இது வேண்டாம்னா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு பயந்தேன். ‘நான் ஆகாதுன்னதாவே இருக்கட்டும், திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்’னுட்டார்."

"எப்படியோ, அவர் கொள்கைக்குத் தோதா ஆள் கிடைச்சுது" என்று சிரித்தார் முதலாளியம்மா.

"எங்கே மேடம்? நான் சேர்ந்த அன்னிக்குக் காலையில அந்தக் கம்பெனி மென்பொருளைப் போடத்தானே என்கிட்ட வந்தார். ‘விரதம் எங்களோடது, நீங்க எதுக்கும்மா பட்டினி கிடக்கணும்’னார்."