அட்டையில் ஜுசாரா

பிரேசிலின் சால்வடோர் நகரச் சந்தை வாசலில், பத்திரிகைக் கடைமேல் காலை வெயில் சாய்வாக விழுகிறது. மீன் விற்கும் எடிலேயூசா ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, புதிய ஃபேஷன் இதழை எடுக்கிறாள். அட்டையில் அவள் மகள் ஜுசாரா. போன வருடம் வேறோர் இதழில் மகளின் நிறத்தை வெளுப்பாக்கிப் போட்டிருந்தார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இப்போது அவள் தன் முன்கையைப் படத்துக் கன்னத்தருகே வைத்துப் பார்க்கிறாள். அதே கறுப்பு. மூக்கும் அதே அகலம். சுருள்முடி அடங்காமல் இதழின் பெயரையே மறைத்து நிற்கிறது.

"என்னக்கா, கலர் சரியா இருக்கா?" கடைக்கார நிவால்டோ சிரிக்கிறான்.

"எம் பொண்ணுடா! அப்படியே என் தோலு!"

"எல்லாத்தையும் கட்டித் தரட்டுமா?"

"எனக்கு ஒண்ணு போதும். மத்ததெல்லாம் முன்னாடி தொங்கட்டும். நம்ம புள்ளைங்க போற வழி இது, பாக்கட்டும்" என்றபடி, அவளே இதழ்களை ஒவ்வொன்றாக முன்கம்பியில் மாட்டுகிறாள்.