கழுத்தைத் திருப்பாத டிரைவர்

"அஞ்சு வருஷமா நான் ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பினதில்ல. கண்ணாடியைப் பார்த்தே ஊசிக் காதுக்குள்ள காரை ரிவர்ஸ்ல நுழைச்சிடுவேன்!"

டாக்டரின் கார் டிரைவர் மார்தட்டியதும் கிளினிக்கே சிரித்தது. நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் அலமாரி மருந்துக் குப்பிகள் கிடுகிடுத்தன. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"காலையில எழுந்திருக்கவே முக்கி முனகுற ஆளு, வாயைப் பாரு! நான் சுவரோரமா நிக்கறேன். திரும்பாம வா பார்ப்போம். திரும்பினா, சாவியைக் குடுத்துட்டு வேற வேலை தேடிக்க."

கார் பின்னோக்கி வந்தது. டாக்டரின் பையிலிருந்து பேனா நழுவியது. எடுக்கக் குனிந்தவர் கண்ணாடியிலிருந்து மறைந்தே போனார். கார் வந்துகொண்டே இருந்தது.

"யோவ், திரும்பிப் பாருய்யா!"

டிரைவர் திரும்பவில்லை. டாக்டரின் அலறல் கேட்டு பிரேக்கை மிதித்தபோது, பம்பர் டாக்டரின் மூக்கை முகர்ந்துகொண்டிருந்தது.

"கொல்லப் பார்த்தியா? ஏன்யா திரும்பல?"

டிரைவர் கதவைத் திறந்தார். இரண்டு கால்களையும் வெளியே வைத்து, பலகையைப் புரட்டுவதுபோல உடம்பு மொத்தத்தையும் டாக்டர் பக்கம் திருப்பினார். டாக்டர் அந்தப் பிடரியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். இரும்புத் தூண்கூடக் கொஞ்சம் ஆடியிருக்கும்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல முதுகு வலின்னு வந்தேனே சார்? படுத்தா வலிக்குது, வேலை செஞ்சா குறையுதுன்னேன். அது நோயில்ல, சோம்பேறித்தனம்னீங்க. அப்புறம் ஒவ்வொரு எலும்பா பூட்டிக்கிச்சு. வேலை போயிடுமேன்னு அதையே பெருமையா சொல்லிக்கிட்டேன்."

அசைந்தால் குறையும் அந்த வலிதான் முதுகெலும்பு வாதத்தின் முதல் அடையாளம். டாக்டருக்கு அது இப்போதுதான் உறைத்தது. பிடரியிலிருந்து கையை எடுத்தார்.

"நீ சொன்னது நெஜம்தான்யா. அஞ்சு வருஷமா நீ திரும்பவே இல்ல."