சாமந்தி தின்ற கோழிகள்

துண்டால் மூடிய கூடையை இடுக்கிக்கொண்டு, பூனை நடையாக மனைவியின் சின்னக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார் கோழிப்பண்ணைக்காரர். விடிந்தும் விடியாத பனி.

ஜன்னலில் நின்ற மனைவிக்கு, கனவின் மிச்சமோ என்றிருந்தது. கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஒரே கனவு. பனிக்குள் கோழிகள் மிதக்கும்; வைக்கோல் முழுக்க முட்டைகள் மினுங்கும்.

கண்ணைக் கசக்கினாள். கனவில்லை. புருஷனேதான்.

முட்டை நின்றுபோன கோழிகளைக் கறிக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. தனியாக அடைத்து, காய்ந்த சாமந்தி இதழும் முருங்கை இலைப் பொடியும் தீனியில் கலந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோழிக்குப் பூ வைக்கிறா பாரு!" என்று ஆட்கள் முன்னால் கேலி செய்தார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கறிக்கடை லாரி வர்றதுக்குள்ள முட்டை வரலேன்னா மொத்தத்தையும் ஏத்திடுவேன்" என்று வாயையும் விட்டுவிட்டார்.

இன்றைக்குத்தான் லாரி.

கூடையோடு வருகிறாரென்றால், கோழிகள் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. இந்த மனுஷன்தான் தினமும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்! கொட்டகைக்கு ஓடினாள்.

வைக்கோலில் நாலைந்து முட்டைகள். கோழிகள் பாதித் தூக்கத்தில் கண் சொருகிக் கிடந்தன.

அள்ளிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"ஏங்க, கட்டின பொண்டாட்டிகிட்டயே திருடுறீங்களே, வெக்கமா இல்ல?"

"நானா?"

"கூடையோட வந்ததைப் பாத்தேன். அவசரத்துல இதை விட்டுட்டீங்க!"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதான் முட்டை வந்துடுச்சுல்ல. லாரிக்காரனைப் போகச் சொல்லிடுறேன்."

"இருங்க. என் கோழி முட்டையைப் பாத்துட்டுப் போங்க. இத்தனை நாள் சாமந்தி தின்னிருக்கு. கரு செக்கச்செவேல்னு இருக்கும்!"

ஒன்றைக் கிண்ணத்தில் உடைத்தாள்.

கரு வெளிறிப்போயிருந்தது. கடைத் தீனி மட்டுமே தின்னும் அவருடைய பெரிய கொட்டகைக் கோழிகளின் முட்டை.

அவள் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"என் கோழிங்க முட்டை போடுதுன்னு சொல்லி அனுப்புங்க" என்றாள். தப்பித்தோம் என்று வாசலுக்கு நழுவியவரை மறுபடியும் கூப்பிட்டாள்.

"அப்படியே உங்க கோழிக்கும் இன்னிலேர்ந்து சாமந்தி போடுங்க. இல்லேன்னா அடுத்த தடவை ஆளுங்ககிட்ட மாட்டிக்குவீங்க."