தகரக் குதிரைவண்டி

சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திரத்தை வெல்டாவிடம் நீட்டும்போதே ஆர்லிஸின் கண் அவள் தோளைத் தாண்டி அலமாரிக்குப் போய்விட்டது. அது அங்கேயேதான் இருந்தது. துக்க வீட்டில் வந்து இப்படியா அலைவது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"உள்ள வாங்க ஆர்லிஸ். துக்கம்னு வந்ததுல இது ஒன்பதாவது உருளைக்கிழங்குப் பாத்திரம். ஊரே சேந்து என்னைக் குண்டாக்கப் பாக்குது" என்றாள் வெல்டா. அவள் கணவன் டூயனை, ஆர்லிஸின் தம்பியை, அடக்கம் செய்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

அலமாரியில் இருந்தது ஒரு தகரக் குதிரைவண்டி. அறுபது வருஷத்துக்கு முன் கேன்சஸில் வீட்டுக்கு வீடு டிவியில் ஓடிய ஷெரீஃப் தொடருக்காகச் செய்த பொம்மை, அட்டைப்பெட்டியோடு. அந்தத் தொடரின் பொம்மைகளில் ஆர்லிஸிடம் இல்லாதது இது ஒன்றுதான். மனைவி இறந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஆசையும் இதுதான்.

எட்டு வருஷத்துக்கு முன் ஏலத்தில் அவர் கைக்கு வரவிருந்ததை டூயன் தட்டிப் பறித்தான். பண்ணையைப் பிரித்ததில் சண்டை வந்து, இருவரும் முகம்கூடப் பார்க்காமல் இருந்த காலம் அது. ஆனாலும் வண்டியை விட மனசில்லாமல், மாதம் தவறாமல் முதல் சனிக்கிழமை ஆர்லிஸ் பேரம் பேச வந்தார்.

"விலையைச் சொல்லுடா."

"அடுத்த மாசம் பாக்கலாம்ணே. காபி ஆறுது, குடி."

ஏலக்காரர் ஒட்டிய சீட்டைக்கூட டூயன் பெட்டியிலிருந்து உரிக்கவில்லை. பசை அட்டையைத் தின்றுவிடும் என்று பொம்மை சேர்ப்பவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே உரித்துவிடுவார். தன்னை நோகடிக்கவே விட்டுவைத்திருக்கிறான் என்று ஆர்லிஸ் பல்லைக் கடித்தார்.

கடைசியில், பழைய பொம்மைச் சந்தையில் எல்லாரும் செய்கிற தந்திரத்தைத் தானும் செய்து பார்த்தார். முதுகைக் காட்டி நடந்துவிட்டால் விற்கிறவன் தானாகக் கூப்பிடுவான். மூன்று மாதம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. டூயன் கூப்பிடவில்லை. சாவுச் செய்திதான் வந்தது.

வெல்டா அவர் பார்வையைக் கவனித்துவிட்டாள். வண்டியைப் பெட்டியோடு எடுத்துவந்து, சோபாவில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க."

"விலை?"

"விலையுமில்ல, ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான்."

வாழ்நாள் முழுக்கத் தேடியது மடியில் இருந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. இனி முதல் சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்றுதான் தோன்றியது. அதை மறைக்கப் பழைய கோபத்தையே பிடித்துக்கொண்டார்.

"அவன் உசுரோட இருந்திருந்தா இதைக் குடுத்திருக்கவே மாட்டான், வெல்டா. அவ்வளவு வன்மம்."

"மாட்டாருதான்" என்றபடி வெல்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடுத்துட்டா அண்ணன் அப்புறம் வரமாட்டாரேன்னு அவருக்குப் பயம்."