சரிபார்த்த விதம்

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு உட்கார்ந்திருந்தார் அனந்தகிருஷ்ணன்.

அவருக்கு அது ஒரு சிரமமே இல்லை. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அறக்கட்டளைகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர் ஆனவர். எழுத்தில் எத்தனை பக்கம் கேட்டாலும் கொடுப்பார். பேச்சில் மட்டும் படு சிக்கனம்.

தாராவியில் ஒரு மாடி அறை. மும்பையில் தனியாக வசிக்கும் தமிழ் முதியவர்களைத் தினமும் போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசும் சேவை அங்கிருந்துதான் நடக்கிறது. அதன் இறுதி அறிக்கை இவர் பொறுப்பு.

ஒப்பந்தம் கறாரானது. பதிவுகளைப் புரட்டிவிட்டு எழுதினால் செல்லாது, ஆலோசகர் தாமே சில அழைப்புகளைக் கூட இருந்து கேட்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவரின் பெயர் அவருக்குச் சொல்லப்படாது.

யாராவது தனியாக வசிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுத வேண்டும். சந்தேகம் உண்மையானால் அவருக்கு அன்றோடு போன் நின்றுவிடும்.

கோகிலவாணி கடைசி எண்ணைப் போட்டாள். நாற்பதைத் தாண்டியவள், காலையில் தையல், மத்தியானத்துக்குப் பிறகு இந்த வேலை. முதல் மணி அடித்து முடிவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த பேட்டையான மாட்டுங்காவில் இருக்கும் மாமி, வாய் நிறையப் பேசுவாள் என்று முன்பே சொல்லியிருந்தாள். குரல் வந்ததும் அனந்தகிருஷ்ணன் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

மாமியிடம் பெரிய கதை ஒன்று காத்திருந்தது. நேற்று மத்தியானம் கறிகாய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். கூடவே கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையா, வடக்கத்திக்காரன். ஆறடி ஆள், பயத்தில் விசும்ப ஆரம்பித்துவிட்டானாம்.

மாமி என்ன செய்வாள்? கல்யாண ஊஞ்சல் பாட்டை எடுத்துவிட்டாளாம். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிலிண்டரில் தாளம் போட்டானாம். வாட்ச்மேன் வந்து கதவை நெம்பித் திறக்கும்வரை கச்சேரி நடந்ததாம்.

சொல்லிவிட்டு மாமி சிரித்தாள். மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடியும் சிரித்தாள். கோகிலவாணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அனந்தகிருஷ்ணன் கண்களை மூடிக்கொண்டார். இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

வைக்கட்டுமா என்று மாமி கேட்டாள். கேட்டுவிட்டு, மாங்காய் விலையைச் சொன்னாள். மறுபடி வைக்கட்டுமா என்றாள், கோகிலவாணியின் முதுகுவலியை விசாரித்தாள். இந்த நிமிடங்களை எல்லாம் வீண் நேரம் என்று அனந்தகிருஷ்ணன் தன் வரைவில் எழுதி வைத்திருந்தார்.

கடைசியில்தான் மாமிக்கு வாய் தவறியது. அவர் வரும் நேரம், பால் வைக்க வேண்டும் என்றாள். சட்டென்று நிறுத்தி, பால்காரரைச் சொன்னேன் என்று மழுப்பிவிட்டுப் போனை வைத்தாள்.

கோகிலவாணியின் முகம் செத்துப்போயிற்று.

“சார், மாமிக்கு வீட்ல ஆள் இருக்கோன்னு எனக்கும் சந்தேகந்தான். அதை எழுதிராதீய. இந்த ஒரு போனுக்காவத்தான் பகல் பூரா காத்துக் கெடக்காவ.”

ஒப்பந்தப்படி நேரில் போய்ப் பார்த்துதான் எழுத முடியும் என்றார் அவர். அவள் அரை மனதாக முகவரியைத் தேட எழுந்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முகவரி கேட்காதவர் எங்கே போகப்போகிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மாட்டுங்கா வரை நடந்தே வந்தார். கட்டடத்தின் லிப்ட் ஓடவில்லை, ‘பந்த்’ என்று அட்டை தொங்கியது. காலையிலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்போது வாட்ச்மேனைத் திட்டிவிட்டுப் படியிறங்கினாரே தவிர, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். நேற்று மத்தியானம் இந்த அறிக்கையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு பாட்டுச் சத்தம் வந்து தொந்தரவு செய்தது. எழுந்து போய் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மணியை அடித்தார். ருக்கு கதவைத் திறந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள்தான் திறக்கிறாள்.

வழக்கமில்லாத வழக்கமாக, வாசலிலேயே நின்று, நேற்று ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உடம்புக்கு ஏதாவது படுத்துகிறதோ என்று நினைத்திருப்பாள்.

“என்ன விசேஷம், ஒண்ணுமில்லையே.”

பையை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டுப் பால் காய்ச்ச உள்ளே போனாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்க வரவில்லை.

பிறகு மேஜைக்குப் போய்ப் படிவத்தை எடுத்தார். ‘தனியாக வசிக்கிறாரா?’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினார்.

‘சரிபார்த்த விதம்’ என்பதற்கு எதிரே, ‘நேரில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.