ஒன்றரை அடி மண் சுவர்

இந்தக் கதையில் அத்தை வயிறு குலுங்கச் சிரிக்கப் போகிறார். ஆனால் உடனே இல்லை. முதலில் கொஞ்சம் வெலவெலத்துப் போகட்டும்.

டேப்புக்கு வயது பதினைந்து. காதில் ஒருமுறை விழுந்த குரலை டேப் ரெக்கார்டர் மாதிரி அப்படியே திருப்பிப் போடுவாள் என்பதால் வந்த பெயர். தலைமையாசிரியை, பால்காரர், பக்கத்து வீட்டுக் குக்கர் என்று யாரும் தப்பியதில்லை.

அவள் அப்பா கட்டட காண்ட்ராக்டர். மண் வீடு கட்டுவதில் பேர் வாங்கியவர். அப்பாவின் அக்காதான் அத்தை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மாமா போய் மூன்று வருடம், தனிக்கட்டை.

"தம்பி, எனக்கப்புறம் என் வீடு பூமிக்குப் பாரமா நிக்கக் கூடாதுடா. மண்ணுல எழும்பி மண்ணுக்கே போகணும்" என்றார் அத்தை.

அப்பா கட்டிக் கொடுத்தார். அத்தை குடிவந்தும் விட்டார். எலக்ட்ரீஷியன்தான் வந்தபாடில்லை. சுவிட்ச் பெட்டிக்காக நாலு விரல் ஆழத்துக்கு மட்டும் விட்டதாக அப்பா சொன்ன ஓட்டைகள், சுவரின் இரண்டு பக்கமும் வாய் பிளந்து நின்றன.

நேற்று ஸ்டோர் ரூம் ஓட்டையில் காது வைத்த டேப்புக்கு, பக்கத்து அறையில் அத்தை பேப்பர் புரட்டுவது கேட்டது. அவ்வளவு போதாதா அவளுக்கு!

இன்று மத்தியானம். வீடு கப்சிப். அத்தை சுவரோரக் கட்டிலில் கண்ணயர்ந்த நேரம்.

டேப் ஓட்டையில் வாய் வைத்தாள். முதலில் இருமல். குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று. மாமாவின் இருமல்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டு நின்றது.

"கதவைத் தாழ் போட்டியா?"

ஆயுசு முழுக்க மாமா தூங்கப் போகும்போது கேட்ட கேள்வி. டேப் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். இப்போது கத்துவார். இதோ கத்துவார்.

ஓட்டையிலிருந்து குரல் வந்தது. ரொம்பப் பக்கத்தில்.

"போட்டேங்க."

பயந்த குரல் இல்லை அது. தினமும் பதில் சொல்லிப் பழகிய குரல்.

"பயமா... இல்லியா?" மாமாவின் குரல் லேசாக நடுங்கியது.

"என்ன பயம்? தினம் இந்தச் சுவத்துல கை வச்சுத்தான் படுக்கறேன். இதுக்குள்ள இருந்துதான் நீங்க மூச்சு விடறீங்கன்னு தெரியுமே."

போதும்டா சாமி என்று டேப் எழப் போனாள்.

சரக்.

சுவருக்குள் ஏதோ உரசியது. சரக்... சரக்... கிட்டே வந்தது. இருட்டு ஓட்டைக்குள்ளிருந்து ஒல்லியாக ஒன்று நீண்டு வந்து அவள் மூக்கைத் தொட்டது.

"ஐயோ அத்தே!"

இந்த முறை சொந்தக் குரல்.

ஓட்டை வழியே வெடித்து வந்தது சிரிப்பு. "ஓடி வாடி, கழுதை!"

டேப் ஓடினாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் கோடு போடும் அவருடைய நீள ஸ்கேல், பாதி சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றது.

"இருமல்ல ஒரு நிமிஷம் ஏமாந்துதான் போனேன். ஆனா யாரும் இல்லாதப்ப உங்க மாமா என்னை 'டீச்சர்'னுதான்டி கூப்பிடுவார். உனக்கெங்க அது தெரியும்!"

"அத்தே, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!"

"சொல்லலை. அதுக்குப் பதிலா ஒரு தண்டனை, அவனை மாதிரியே பேசிக் காட்டு. இந்தச் சுவத்தைப் பத்தி என்கிட்ட அளந்தானே, அது."

டேப் வயிற்றை முன்னே தள்ளி, இல்லாத மீசையை நீவி, சுவரைத் தட்டினாள்.

"அக்கா! ஒன்றரை அடி. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் இடிச்சு இறுக்கின மண்ணு. நடுவுல ஒரு ஊசி இறங்காது. சிமெண்ட்டுன்னு ஒரு சிட்டிகை கிடையாது. என் மக தலைமேல சத்தியம்!"

"அப்படியே அவன்தான்டி!" அத்தைக்கு வயிறு குலுங்கியது. சிரித்தபடியே ஸ்கேலை உருவினார். எங்கும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

அதன் நுனியில் சாம்பல் நிறத் தூள். அத்தை அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது.

வகுப்பில் கணக்கு கேட்கும் அதே நிதானத்தோடு டேப்பின் பக்கம் திரும்பினார்.

"இறுக்கின மண்ணுக்குள்ள ஸ்கேல் எப்படிடி போச்சு?"